ஃபீல்டு கோல் உதைக்குப் பந்தை யார் பிடிப்பது?

அமெரிக்கன் ஃபுட்பாலில் கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பதுதான் ஃபீல்டு கோல்; கிக்கர் உதைக்க, இன்னொருவர் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பார். இந்த வேலைக்குப் பன்ட் அடிப்பவரையே (பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணி பக்கம் தொலைவாக உதைப்பவர்) முதலில் முயன்று பாருங்கள். என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணிகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. நீளமான ஸ்னாப்பை, அதாவது கால்களுக்கிடையே பின்னால் எறியப்படும் பந்தை, பிடித்துப் பழகிய கை. கிக்கரோடு சேர்ந்து பயிற்சி செய்ய நேரமும் நிறைய உண்டு. முதன்மை குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வேண்டாம் என்பேன். 2007 ஜனவரியில் சியாட்டிலோடு நடந்த பிளேஆஃபில் டல்லாஸின் முதன்மை குவார்ட்டர்பேக் டோனி ரோமோ பந்தை நழுவவிட, வெறும் 19 யார்டு உதை வீணாகி அணி 21-20 என்று தோற்றது. மாற்று குவார்ட்டர்பேக் என்றால் சரி, உதைப்பதுபோல் காட்டிவிட்டுப் பாஸ் எறியலாம்.

தேர்வு செய்யும்போது வேண்டுமென்றே கோணலாக ஸ்னாப் போடச் சொல்லுங்கள். அதையும் பிடித்து, குறித்த இடத்தில் நிறுத்தி, பந்தின் தையலைக் கோல் கம்பத்தின் பக்கம் திருப்புகிறவரே உங்கள் ஆள். அப்புறம், கிக்கர் இடதுகாலர் என்றால் பிடிப்பவர் பக்கம் மாறி உட்கார வேண்டும்; அதையும் சோதித்துவிடுங்கள்.