ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்புக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டுக்குப் பழைய ஆட்கள் திரும்பி வந்ததும், லெவல் ஏற்றுவதற்காகத் தொடக்க ஊரான லம்பிரிட்ஜின் கோழிகளைத் தேடித்தான் போகிறார்கள். வேண்டாம். ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் மாத பேக்கப்பை வைத்து 2013 பிப்ரவரியில் இதைத் தொடங்கியபோதே சேர்ந்தவன் நான். அன்று இருந்த ஆட்டம் இல்லை இது. பழைய வழியில் போனால் வீணாக அலைவீர்கள்.

மெம்பர்ஷிப் (கட்டணச் சந்தா) இருந்தால் முதல் வேலை வாட்டர்ஃபால் குவெஸ்ட் என்ற கதைப் பணி. லெவல் 1-இல் இருக்கும் அட்டாக், ஸ்ட்ரெங்த் என்ற இரண்டு சண்டைத் திறன்களும் நேராக 30-க்கு ஏறிவிடும், யாரையும் அடிக்காமலே. கொண்டுபோக வேண்டியவை: கயிறு ஒன்று, காற்று, நீர், மண் ரூன்கள் (மந்திரக் கற்கள்) தலா 6, நிறையச் சாப்பாடு. இந்தக் குவெஸ்ட்டில் வரும் எல்ஃப் ராணி கிளாரியலின் கல்லறைக்குப் போகும் முன் ஆயுதம், கவசம், ரூன் எல்லாவற்றையும் வங்கியில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விடாது. அங்கே கிடைக்கும் தாயத்தையும் அஸ்திக் கலசத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். தாயத்து இல்லாமல் அருவிக் கதவைத் திறந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ரூன்களை மறுபடி எடுத்துக்கொண்டு அருவிக்குள் போங்கள். அங்கே லெவல் 86 ஃபயர் ஜயன்ட்கள் (நெருப்பு அரக்கர்கள்) நிற்கும். சண்டை வேண்டாம், ஓடுங்கள்.

சாமான் வாங்க வேரக் நகரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை இருக்கிறது. 2015-இல் வந்தது. அதுவரை வங்கி வாசலில் நின்று கூவித்தான் விற்போம். பேரம் பேசுவதில் ஒரு பழக்கம், ஒரு நட்பு இருந்தது உண்மை. ஆனால் ஏமாந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதுவே நல்லது என்பேன். செத்தாலும் இப்போது பயமில்லை: பெரும்பாலும் உங்கள் பொருள்கள் கல்லறைக்கல்லில் 15 நிமிடம் காத்திருக்கும். ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வைல்டர்னஸ் பகுதியில் இந்தச் சலுகை கிடையாது.

ஒரு திறனின் உச்ச லெவலான 99-ஐ இப்போதே துரத்தாதீர்கள். அதற்கு 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்) வேண்டும். 92-ஐத் தொடும்போதுதான் பாதி வழி வந்திருப்பீர்கள். முதலில் குவெஸ்ட்களை முடியுங்கள், ஊர்கள் திறக்கும்.

இந்த ஆட்டம் பக்குவப்பட்டதற்கு எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம் ஓட்டெடுப்பு. தொடக்கத்தில் 75 சதவீதம் பேர் சரி என்றால்தான் புதியது எதுவும் உள்ளே வரும். பிறகு அது 70 ஆனது. 2025 நவம்பரில் வந்த செய்லிங் (கப்பலோட்டும்) திறன்கூட ஆடுகிறவர்கள் தேர்ந்தெடுத்ததுதான். ஓட்டுப் போடும் தகுதி வந்ததும் தவறாமல் போடுங்கள். கேள்வியை முழுதாகப் படியுங்கள். நீங்கள் தொடாத பகுதியைப் பற்றிக் கேட்டால் ஸ்கிப் கொடுங்கள், அது கணக்கில் சேராது.