சமுதாயக் கல்லூரிக்கு ஆள் எடுக்கிறீர்களா? மே மாதச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. "சார், டெய்லரிங்குக்கு ஒரு டீச்சர் வேணும், யாராவது இருக்காங்களா?" "அண்ணே, ஏசி மெக்கானிக் எடுக்க ஆள் இல்ல, திங்கட்கிழமை கிளாஸ் ஆரம்பம்." மன்னார்குடி, பாபநாசம், மயிலாடுதுறை என்று ஊர்தான் மாறும். கேட்பவர்கள் பெரும்பாலும், தையல், மெக்கானிக் மாதிரி கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் சமுதாயக் கல்லூரிகளில் புதிதாகப் பொறுப்புக்கு வந்த முதல்வர்கள், நிர்வாக அலுவலர்கள். அவர்கள் தேடும் ஆசிரியர்கள் ஏப்ரல் வரை அவர்களிடமேதான் இருந்திருப்பார்கள். ஏன் போனார்கள் என்று விசாரித்தால், பழைய ஆட்கள் நாங்கள் விழுந்து எழுந்த அதே குழிதான்.

சொந்தக்காரரை வேலைக்கு வைக்காதே, சிபாரிசை நம்பி எடுக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைத் தெரியாமல் செய்கிறவர் யாரும் இல்லை.

மே மாதச் சம்பளத்தை வெட்டுவது

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிகிறது. தாளாளர் கணக்கு நோட்டைப் புரட்டுகிறார். மே மாதம் வகுப்பு இல்லை, அப்புறம் எதற்குச் சம்பளம்? "ஜூன்ல வாங்க, புது ஆர்டர் தர்றோம்" என்று எல்லோரையும் அனுப்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், அரசுக் கலைக் கல்லூரிகளிலேயே கௌரவ விரிவுரையாளர்களுக்கு, அதாவது தற்காலிக ஆசிரியர்களுக்கு, 11 மாதச் சம்பளம்தானே என்று பதில் வரும். அவர்கள் என்றைக்காவது நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். நம் கல்லூரியில் அப்படி நம்பிக் காத்திருக்க என்ன இருக்கிறது?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் வாங்கும் ஆசிரியர்கள் 8 பேர் என்றால், ஒரு மாதத்தில் மிச்சம் 1,20,000. தாளாளருக்கு இந்த எண் மட்டும் கண்ணில் படும். அடுத்து நடப்பது எந்த நோட்டிலும் ஏறாது.

திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு தையல் டீச்சர் இருந்தார். ரவிக்கை வெட்டுவதில் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆரி வேலையும் தெரியும். மே மாதம் சம்பளம் இல்லை என்றதும் அவர் சண்டை போடவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுத் திண்ணையில் நான்கு ஆரி ஸ்டாண்டுகளைப் போட்டார். வாசலில் சின்னதாக ஒரு போர்டு. பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா இருந்த பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கல்யாண சீசன் என்பதால் ரவிக்கை வேலையும் குவிந்தது. ஜூனில் கல்லூரியிலிருந்து கூப்பிட்டபோது, "இங்கயே நேரம் போதல சார்" என்றார். அந்த வருடம் தையல் பிரிவில் சேர வந்து விசாரித்த பெண்களில் பலர், "அந்த டீச்சர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனார்கள். பாதி இடம் காலி. மிச்சம் பிடித்த சம்பளத்தைவிடப் போன கட்டணம் அதிகம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நிஜமாகவே கோபம் வருவது இதற்குத்தான். மே மாதம் வேலை இல்லை என்பதே பொய். பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வருகிறது. நோட்டீஸ் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போக வேண்டியது அப்போதுதான். அந்த வேலைக்கு மட்டும் ஆசிரியர்கள் வேண்டும். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று இலக்கு வேறு. சம்பளம் கிடையாது, ஆனால் அட்மிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடு என்றால் வெயிலில் யார் மனசு வைத்து அலைவார்கள்? ஒரு டீக்கடையில் நோட்டீஸ் கட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சிலர் இதைச் சட்ட தந்திரம் என்றே செய்கிறார்கள். வருடா வருடம் மே மாதம் பணி முறிவு காட்டினால் ஐந்து வருடத் தொடர்ச்சி வராது, பணிக்கொடை (கிராஜுவிட்டி) தர வேண்டாம் என்று யாரோ ஓதியிருப்பார்கள். ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-இல் சட்டத்தைத் திருத்தி, அது 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றார்கள். தனியார் நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. 2022-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே ஆளை அதே வேலைக்கு ஜூனில் திரும்ப எடுத்துவிட்டு நடுவில் முறிவு என்றால் நீதிமன்றம் எளிதில் ஒப்புக்கொள்ளாது. 15,000 ரூபாய் சம்பளத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 51,900-க்கு மேல் வருகிறது. அதை வருடா வருடம் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதே லாபம்.

பணம் நிஜமாகவே இல்லையென்றால் ஒரு வழி சொல்கிறேன். 11 மாதச் சம்பளம் 1,65,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,750. வேலையில் சேரும்போதே இதைச் சொல்லி, பன்னிரண்டு மாத ஆர்டராகக் கொடுங்கள். மே மாதம் அடகுக் கடைக்குப் போவதைவிட மாதா மாதம் கொஞ்சம் குறைவாக வருவதை அனேகம் பேர் விரும்புவார்கள். மே மாத வேலையையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: மெஷின் சர்வீஸ், பாடத்திட்டம், களப்பயிற்சிக்குக் கடை கடையாகப் பேசுவது, அட்மிஷன்.

சான்றிதழைப் பார்த்தே பயிற்றுநர் எடுப்பது

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் ஒரு வருட டிப்ளமோவுக்கு 60 கிரெடிட், அதாவது பாட அலகு. அதில் 36 திறன், 24 பொதுப்பாடம். அந்த 36-ஐ யார் சொல்லிக்கொடுப்பது? மோட்டார் ரீவைண்டிங்குக்கு ஒரு நேர்காணல். மேஜைமேல் எரிந்துபோன பம்புசெட் மோட்டார் ஒன்றை வைத்திருந்தோம். பி.இ. முடித்த பையன் கரும்பலகையில் சர்க்யூட்டை அழகாகப் போட்டான். மோட்டாரைத் தொடவில்லை. அடுத்து வந்தவர் கும்பகோணத்தில் பட்டறை வைத்திருப்பவர், பத்தாம் வகுப்பு. வந்ததும் மோட்டாரை முகர்ந்து பார்த்தார். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினார். "பேரிங் இறுகித்தான் காயில் போயிருக்கு. பேரிங் மாத்தாம சுத்தினா மறுபடி எரியும்" என்றார். பழைய காயிலை உருவும்போதே சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் நின்ற மாணவனிடம் சொன்னார். யாரும் கேட்காமலே பாடம் தொடங்கிவிட்டது.

இரண்டு பேரையுமே எடுங்கள். பையன் தியரியும் மதிப்பெண் பதிவேடும் பார்க்கட்டும், பட்டறைக்காரருக்கு வகுப்புக் கணக்கில் சம்பளம். அவரை வவுச்சர், படிவம் எழுதச் சொல்லி வதைக்காதீர்கள்.

ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்காமல் டைம்டேபிள் போடுவது

இது டெல்டா. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். பகுதிநேரப் பயிற்றுநர்கள் பலருக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்கும். சம்பா நடவுக்கும், பொங்கலை ஒட்டி அறுப்புக்கும் வர மாட்டார்கள். விடுப்பும் சொல்ல மாட்டார்கள். அணை தாமதமானால் வேறு சிக்கல். குறுவை (முதல் போக நெல்) போட்டவர்கள் போர்வெல்லை இரவு பகலாக ஓட்டுவார்கள், மோட்டார்கள் எரியும். அப்போது ரீவைண்டிங்காரரை வகுப்புக்குக் கூப்பிடுவது வீண். மாணவர்களை அவர் பட்டறைக்கு அனுப்புங்கள், அதையே களப்பயிற்சியாகக் கணக்கில் வையுங்கள்.

19 பேரோடு நிறுத்திக்கொள்வது

20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டி வந்துவிடும் என்று ஒரே வளாகத்தில் இரண்டு பெயரில் இரண்டு பதிவேடு. வாட்ச்மேன், ஆயாம்மா, ஒப்பந்தத்தில் வரும் துப்புரவாளர் எல்லாரும் கணக்கில் சேருவார்கள். ஒரே நிறுவனத்தின் துறைகளும் கிளைகளும் ஒன்றுதான் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மாட்டினால் பாக்கிக்கு 12% வட்டி, அதற்கு மேல் அபராதம். பழைய மாதங்களுக்கான பணியாளர் பங்கையும் நிர்வாகம்தான் கட்ட வேண்டும், அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைப்பது

அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

உள்ளகக் குழு

வேலையிடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் குழு இது. 10 பேர் இருந்தாலே கட்டாயம். தலைவர் பெண், வெளியிலிருந்து ஒருவர். தாளாளரின் மனைவி வெளியாள் ஆக மாட்டார்.

ஐந்து மணிக்கு மீட்டிங்

பெண் ஆசிரியர்கள் பலர் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள். அந்த பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும். இப்படி இரண்டு மீட்டிங் வைத்தால் மூன்றாவது மாதம் ராஜினாமா கடிதம் வரும், காரணம் "குடும்பச் சூழ்நிலை" என்று இருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரத்தில் பேசி முடிக்க முடியாத விஷயம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

மழை விடுமுறைக்குச் சம்பளம்

ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் காலையில்தான் விடுமுறை அறிவிப்பார். மாதச் சம்பளக்காரருக்குக் கவலை இல்லை. வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு ஒரு வாரம் மழை பெய்தால் ஒரு வார வருமானம் போச்சு. பட்டறையைச் சாத்திவிட்டுப் பாதி வழி வந்தவரிடம் "இன்னைக்கு லீவுங்க" என்று சொல்லி அனுப்பினால் அடுத்த முறை பட்டறையைச் சாத்த மாட்டார். விடுபட்ட வகுப்பைச் சனிக்கிழமையில் வைத்து அந்தப் பணம் முழுவதும் கிடைக்கும் என்று ஆர்டரில் ஒரு வரி சேருங்கள். கிளம்பி வந்துவிட்டவருக்குப் போக்குவரத்துச் செலவை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.