வாய்க்கால் தண்ணீர் திருகையைச் சுற்றுமா? அளந்து பார்த்து, சக்கரம் கட்டும் முறை

இமயமலை ஓடைகளில் 'பன்சக்கி' எனும் நீராலை பல தலைமுறைகளாக மாவு அரைக்கிறது. காவிரிப் படுகையிலோ உலக்கை நெல் குத்தியது, மாடு செக்கு இழுத்தது. தண்ணீர் குறைவில்லை, விழும் உயரம்தான் இங்கே இல்லை. ஆகவே முதலில் உயரத்தைத் தேடுங்கள்.

1. இடம்
சமமாக ஓடும் வாய்க்கால் பயன்படாது. நொடிக்கு அரை மீட்டர் ஓடும் நீரில் 20 × 15 செ.மீ. பலகையை நிறுத்தினால், அந்தப் பரப்பில் வரும் மொத்தத் திறனே 2 வாட்டுக்குள்தான். மதகைத் தாண்டித் தண்ணீர் படிபோல் இறங்கும் இடம் வேண்டும். பாசன வாய்க்காலை மறித்தால் கடைமடைக்காரரின் பங்கு போகும். நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் அங்கே கை வைக்காதீர்கள். சொந்த வயலின் வடிகாலில் தொடங்குங்கள்.

2. உயரம்
கொத்தனாரின் மட்ட டியூபால் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) மேல்நீர், கீழ்நீர் மட்டங்களின் வித்தியாசத்தை எடுங்கள். வயல் நிறைந்திருக்கும் நாளில் மறுபடி அளக்க வேண்டும். கீழ்நீர் ஏறி அலகுகள் (நீர் தள்ளும் பலகைகள்) மூழ்கினால் சக்கரம் நின்றுவிடும். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

3. ஓட்டம்
நேரான 10 மீட்டரில் பாதி நிரப்பிய பாட்டிலை ஐந்து முறை மிதக்கவிட்டுச் சராசரி நேரம் பாருங்கள். 20 நொடி என்றால் மேற்பரப்பு வேகம் 0.5 மீட்டர். அடியில் வேகம் குறைவு, எனவே 0.85ஆல் பெருக்குங்கள். அகலம் 1.2, சராசரி ஆழம் 0.4 மீட்டர் எனில் நொடிக்குச் சுமார் 204 லிட்டர்.

4. கணக்கு
லிட்டர் × 9.81 × உயரம் (மீட்டரில்) = வாட். 30 செ.மீ. இறக்கத்துக்கு 600 வாட். நேர் அலகுச் சக்கரம் அதில் 30 விழுக்காடு தந்தாலே நல்லது. திருகைக்குப் போதும், 3 குதிரைத்திறன் மாவு மில்லுக்கு 2,200 வாட் வேண்டுமே!

5. சக்கரம்
60 செ.மீ. விட்டத்தில் இரண்டு மரீன் பிளைவுட் வட்டங்கள், இடையே 40 செ.மீ. அகலமுள்ள 12 பலகை அலகுகள், வட்டத்துக்கு வெளியே 15 செ.மீ. நீட்டி. சக்கரத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே 1 செ.மீ.க்கு மேல் இடைவெளி விட்டால் நீர் தப்பிவிடும். இது ஓட்டத்தில் ஏறக்குறைய பாதியையே பிடிக்கும்; 80-90 வாட் எதிர்பாருங்கள். அச்சுக்குக் கருவேலங்கட்டைத் தாங்கியும் கிரீஸும் வையுங்கள். சேற்றுநீரில் பால் பேரிங் சீக்கிரம் தேயும்.

சக்கரம் நிமிடத்துக்கு 25 சுற்று. திருகைக்கு 50 வேண்டும். திருகை அச்சின் 12 முளைச் சக்கரத்தோடு, நீர்ச்சக்கர அச்சில் 24 அல்ல, 25 முளைச் சக்கரத்தைக் கோக்கவும். அப்போது ஒரே முளைகள் திரும்பத் திரும்ப மோதாமல் தேய்மானம் பரவும். பழைய ஆலைத் தச்சர்களின் வழி இது.

முன்னால் கம்பிவலை கட்டி, ஆகாயத்தாமரையைத் தினமும் அள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். மூடியதும் சக்கரத்தைக் கழற்றி நிழலில் வையுங்கள், வெயிலில் பலகை வெடிக்கும்.