புற்றுக் காளான் என்று நம்பிப் பிடுங்கும் முன்

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஓய்ந்து வெயில் எறித்தால் போதும், இலங்கையின் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரங்களில் காளான் முளைத்துவிடும். ஆட்கள் தேடிப்போவது பெரும்பாலும் புற்றுக் காளானைத்தான். கறையான்கள் புற்றுக்குள் சருகையும் மரத்துகளையும் கொண்டுவந்து சேர்த்து வளர்க்கும் பூஞ்சணம் அது. டெர்மிட்டோமைசெஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ருசியில் இதை வெல்ல வேறு காளான் இல்லை என்றே சொல்வேன். அதனால்தான் அவசரமும் கூடிவிடுகிறது.

பெரிய தவறு, காளானைத் தரைமட்டத்தில் கிள்ளி எடுப்பது. அடையாளம் மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. காம்பைச் சுற்றி மண்ணைக் கத்தி நுனியால் மெல்ல விலக்கிக்கொண்டு போனால், பெரிய புற்றுக் காளானின் அடிக்காம்பு வேர் போல மெலிந்து நீண்டு, கறையான் கட்டிய பஞ்சு போன்ற கூடு வரை இறங்குவது தெரியும். சில வேளை அது முழ நீளத்துக்கும் மேல் போகும். குடையின் நடுவில், மண்ணைத் துளைத்து வந்த கூர்முனையும் இருக்கும். அமானிட்டா இனத்தின் கொடிய காளான்களிலோ, காம்பின் அடி பருத்து, அதைச் சுற்றிக் கிழிந்த பை போன்ற உறை இருக்கும். கிள்ளி எடுத்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். எச்சரித்திருக்க வேண்டிய அடையாளத்தை நாமே விட்டுவிட்டு வருகிறோம்.

புற்றுக்குப் பக்கத்தில் முளைத்ததெல்லாம் புற்றுக் காளான் என்று எண்ணுவதும் ஆபத்து. அங்கே வேறு காளானும் முளைக்கும். கூட்டமாக வரும் சின்னஞ்சிறு புற்றுக் காளானுக்கு நீண்ட வேரும் இருக்காது. ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

வளவுப் புல்லில் வரும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்று உண்டு, குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளில் பலரை ஏமாற்றுவது இதுதான். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியிலுள்ள தகடுகள் வெள்ளையாகவே இருக்கும், முற்றினால்தான் பச்சை தட்டும். தின்றால் ஓரிரு மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து ஆளை வாட்டிவிடும். இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. விரிந்த குடையைக் காம்பில்லாமல் வெட்டி, தகடுகள் கீழே இருக்கும்படி ஒரு கடுதாசியில் வைத்துச் சட்டியால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் வித்தித் தூள், அதாவது காளானின் விதை போன்ற நுண்துகள், படிந்திருக்கும். புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்புச் சாயல், குளோரோபில்லத்துக்குப் பச்சை, அமானிட்டாவுக்கு வெள்ளை. வெள்ளைக் கடுதாசியில் வெள்ளைத் தூள் தெரியாது என்பதால், குடையின் பாதி கறுப்புக் கடுதாசியில் இருக்கட்டும்.

நஞ்சுக் காளானா என்று அறிய, வெள்ளிக்காசு கறுக்குதா, வெள்ளைப்பூடு நிறம் மாறுதா, பூச்சி அரித்திருக்கா என்று பார்ப்பதெல்லாம் வீண். நத்தை தின்னும் காளான் மனிதரைக் கொல்லலாம். நன்றாக அவித்தால் நஞ்சு போய்விடும் என்பதும் பொய். கொடிய அமானிட்டாவிலுள்ள அமாடொக்சின் என்ற நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் போகாது.

கைபேசியில் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பி, "இது எது?" என்று கேட்பதும் பயன் தராது. தகடுகள், காம்பு, தோண்டி எடுத்த அடி, முளைத்த இடம் எல்லாம் படத்தில் வேண்டும். வேறு வேறு காளான்களை ஒரே சொப்பிங் பையில் போடவும் வேண்டாம். அதோடு, மிதிவெடி அடையாளப் பலகை உள்ள காட்டுக்குள் எந்தக் காளானுக்காகவும் இறங்காதீர்கள்.

தின்ற பிறகு சந்தேகம் வந்தால் வருத்தம் தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. அமாடொக்சின் தின்றவருக்கு வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கவே 6 முதல் 24 மணித்தியாலம் ஆகலாம். பிறகு சுகமானது போலத் தோன்றும்போதே ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மிஞ்சிய காளானையும், கறிச்சட்டியில் இருப்பதையும் கடுதாசியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.