காய்ந்துபோன அஞ்சறைப் பெட்டிக்கு எண்ணெய் இடுவதற்கு முன்

பரணில் பல ஆண்டுகள் கிடந்த மர அஞ்சறைப் பெட்டியை இறக்கியதும், வெளுத்து வறண்டிருக்கும் அதன் மேல் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெய் காற்றில் உலர்ந்து கெட்டிப்படாது. மரத்துளைகளில் தங்கி, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெயோ பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும்.

முதலில் பெட்டியை வெள்ளைத் தாளின் மேல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மாவுபோல மரத்தூள் உதிர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே வண்டு இருக்கக்கூடும். அப்படியானால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தெடுத்து, பையின் குளிர் முழுவதும் விட்ட பிறகே பிரிக்க வேண்டும். இல்லையேல் மரத்தின் மேல் ஈரம் பூக்கும்.

அறைகளின் மூலைகளை மென்மையான பிரஷால் தட்டி எடுத்து, நன்கு பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். மரம் இழைக்குக் குறுக்காகவே அதிகம் சுருங்கி விரியும் என்பதால், தண்ணீரில் ஊறவைத்தாலோ வெயிலில் வைத்தாலோ பலகை வளைந்து வெடிப்பு நீளும். பித்தளைக் கீலுக்குப் புளி போடுவதானால் அதைக் கழற்றிவிட்டுத் தேயுங்கள். புளிநீர் மரத்தில் கறை விடும்.

உப்புத்தாளைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வீட்டுப் பெட்டியில் மஞ்சள் இருந்த அறையின் அடிப்பலகை இன்றும் மஞ்சளாகவே இருக்கிறது. கடுகு அறையின் விளிம்பு, விரல்கள் பட்டுப் பட்டுப் பிறைபோலத் தேய்ந்திருக்கிறது. உப்புத்தாள் முதலில் தின்பது இந்தத் தடங்களைத்தான்.

எண்ணெய் என்றால், உலரும் தன்மையுள்ள ஆளி விதை எண்ணெயே ஏற்றது. வன்பொருள் கடைகளில் கிடைக்கும் ‘பாயில்டு’ (காய்ச்சியது) என்ற வகையில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. மசாலா வைக்கும் பெட்டிக்கு அது ஆகாது, செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயே வேண்டும். சில சொட்டுகளைத் துணியில் எடுத்து மெல்லியதாகத் தேய்த்து, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிடுங்கள். ஒரு பூச்சு உலரப் பல நாள் ஆகும். பொறுத்திருந்து இரண்டாவது பூச்சு கொடுங்கள். இந்த எண்ணெய் படிந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆகவே தண்ணீரில் நனைத்து, வீட்டுக்கு வெளியே விரித்து உலர்த்திய பிறகே எறிய வேண்டும். கடைசியாகச் சிறிது தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும்.

மயிரிழை வெடிப்புகளைக் கோடையில் மக்கு, அதாவது தச்சர்கள் வெடிப்பில் பூசும் பசை, வைத்து அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கி விரியும்போது அவை பெரும்பாலும் தாமே நெருங்கிவிடும். அடைத்த மக்கு அப்போது இடம் கொடுக்காமல் பலகையை நெருக்கி, வேறோர் இடத்தில் புதிதாகப் பிளக்கச் செய்யும்.