வடசென்னை வீட்டில் இரட்டைச் செயலி சர்வர்: தன்னார்வக் கணிப்புக்கான செய்முறை

ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தேவைப்படும் பெரிய கணக்கைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்று ஒன்றுசேர்ப்பதே தன்னார்வக் கணிப்பு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1999 மே மாதம் தொடங்கிய, வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் இந்த முறையைப் பரவலாக்கியது. அந்தத் திட்டம் 2020 மார்ச் 31-உடன் புதிய வேலைகளை, அதாவது கணக்குத் துண்டுகளை, அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கேயே உருவான பாயின்க் என்னும் இலவச மென்பொருளின் மேல் இன்றும் பல திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அத்தகைய திட்டங்களுக்காக இரண்டு செயலிகள் (கணக்கைச் செய்யும் முதன்மைச் சில்லுகள்) கொண்ட சர்வரை வீட்டில் அமைப்பது பற்றிய இக்குறிப்பு, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் கடலுக்கு அருகே குடியிருக்கும், இதுவரை ஒரு கணினியைக்கூடத் திருப்புளியால் திறந்து பார்க்காத ஒருவருக்காக எழுதப்பட்டது. எந்தச் செயலி வேகமானது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது வழக்கம். நம் பகுதியில் மின்கட்டணம், வெக்கை, உப்புக்காற்று ஆகிய மூன்றுக்கும் பதில் கண்டுபிடித்த பிறகே அந்தக் கேள்விக்கு வர வேண்டும்.

படி 1: மின்கணக்கு

சுமையில் இருக்கும்போது சுவரிலிருந்து 300 வாட் இழுக்கும் ஒரு கணினியை இரவு பகலாக ஓட்டினால், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில், அதாவது 60 நாளில், 432 யூனிட் செலவாகும். அதே கணினியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும் ஓட்டினால் 144 யூனிட்டில் முடியும். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் அடுக்கு முறையில் அமைந்திருப்பதால், கூடுதலாகச் சேரும் யூனிட்டுகள் எப்போதும் மேல் அடுக்கின் விலையில்தான் கணக்காகும். ஆகவே முந்தைய மூன்று நான்கு ரசீதுகளை எடுத்து, உங்கள் வீட்டுச் செலவோடு இந்த எண்ணைக் கூட்டி, எந்த அடுக்கில் போய் நிற்கிறீர்கள் என்று பார்த்த பின்னரே ஒரு ரூபாய்க்கேனும் பாகம் வாங்குங்கள். வாடகை வீட்டில் உரிமையாளரின் துணை மீட்டரில் இருப்பவர்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

படி 2: திட்டம்

திட்டத்தைப் பொறுத்தே ராமின் (ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தின்) அளவும் ஓட்டும் நேரமும் அமையும். புரத வடிவங்களைக் கணிக்கும் ரொசெட்டா அட் ஹோம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அவர் 2024-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இத்திட்டத்தின் வேலைகள் ராமை அதிகம் கேட்பவை. ஒரு வேலைக்கு 1 முதல் 2 ஜிபி வரை ஒதுக்கி வைப்பது பாதுகாப்பானது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஈர்ப்பலைகளையும் (விண்வெளியில் பரவும் ஈர்ப்பு அதிர்வுகள்) பல்சார்களையும் (சுழன்றபடி துடிப்புகளாக அலை வீசும் விண்மீன் எச்சங்கள்) தேடுகிறது. 2010-இல் அரசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து ஒரு புதிய பல்சார் வெளிப்பட்டபோது, அதைக் கண்டெடுத்தவை அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியிலும் இருந்த சாதாரணத் தன்னார்வலர்களின் கணினிகளே. தொடங்குபவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். பருவநிலை மாதிரிகளை ஓட்டும் கிளைமேட் பிரிடிக்‌ஷனின் வேலைகள் மிக நீண்டவை. இரவில் மட்டும் ஓடும் கணினிக்கு அவை ஒத்துவரா. போல்டிங் அட் ஹோம் தனி மென்பொருளில் இயங்குவது, அதில் கிராபிக்ஸ் அட்டைக்குத்தான் மதிப்பு அதிகம்.

படி 3: பாகங்கள்

நிறுவனங்கள் கழித்துவிட்ட சர்வர்களிலிருந்து வரும் இன்டெல் ஜியான் ஈ5-2600 வரிசைச் செயலிகளே குறைந்த முதலீட்டில் அதிகக் கோர் (செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) தருபவை. 2016-இல் வெளிவந்த ஈ5-2680 வி4 செயலியில் 14 கோரும் 28 த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய பணிவரிசைகள்) உண்டு. அதன் வெப்ப வரம்பு 120 வாட். இரண்டைப் பூட்டினால் 28 கோர், 56 த்ரெட். ஈ5-1600 வரிசைச் செயலிகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரட்டையாக இயங்கா என்பதால், பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல் செயலியின் உலோக முகத்தில் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாடலாக இருப்பது கட்டாயம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முடிக்கும் வேலையை வைத்துப் பார்த்தால், ஏஎம்டி நிறுவனத்தின் இன்றைய 16 கோர் ரைசன் செயலி ஒன்றே இந்தப் பழைய ஜோடியைத் தோற்கடித்துவிடும். நாள் முழுவதும், ஆண்டுக்கணக்கில் ஓட்டப்போகிறவர் புதியதை வாங்குவதே லாபம். இரவில் மட்டும் ஓட்டுபவருக்கும், சர்வர் வன்பொருளைக் கையால் தொட்டுக் கற்க விரும்புபவருக்கும் பழைய ஜோடி பொருந்தும்.

பழைய பொருள்களுக்குச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவே போதும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். மதர்போர்டை (பாகங்கள் அனைத்தும் பூட்டப்படும் பலகை) வாங்கும்போது கடையிலேயே இரண்டு சாக்கெட்டின் (செயலி உட்காரும் இடம்) மூடியையும் திறந்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஊசிகளைப் பாருங்கள். இந்த வகையில் ஊசிகள் செயலியில் இல்லாமல் போர்டில் இருப்பதால், ஒரே ஒரு ஊசி வளைந்திருந்தாலும் ஒரு ராம் தடமோ (செயலிக்கும் ராமுக்கும் இடையிலான பாதை) செயலி முழுவதுமோ வேலை செய்யாமல் போகலாம். வி4 செயலியை ஏற்கும் பயாஸ் (கணினியை இயக்கியதும் போர்டில் முதலில் ஓடும் நிரல்) பதிப்பு அதில் இருக்கிறதா என்பதைக் கடைக்காரர் திரையில் காட்டட்டும். குளிர்விப்பானின் திருகுத் துளை இடைவெளி 80-க்கு 80 மில்லிமீட்டர் என்ற சதுர வகையா, 56-க்கு 94 என்ற குறுகிய வகையா என்று அளந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு உரியது மற்றதில் உட்காராது.

ராம், பதிவேட்டு வகை (ரெஜிஸ்டர்டு), ஈசிசி (பிழையைத் தானே கண்டு திருத்தும்) டிடிஆர்4 ஆக இருக்கட்டும். ஒவ்வொரு செயலிக்கும் நான்கு ராம் தடங்கள் உண்டு என்பதால் 8 ஜிபி கொண்ட எட்டுத் துண்டுகள், ஒரு செயலிக்கு நான்கு வீதம், மொத்தம் 64 ஜிபி என்பது நல்ல அமைப்பு. சாதாரண மேசைக் கணினி ராமை இதோடு கலந்து பூட்ட முடியாது. பவர் சப்ளை மட்டும் புதிதாக வாங்குங்கள்: 650 வாட், கோல்டு தரம் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காதது), செயலிக்கான எட்டு முனை இணைப்பு இரண்டு. டெல், எச்பி நிறுவனங்களின் இரட்டைச் செயலி ஒர்க்ஸ்டேஷனை முழுதாக வாங்கினால் பூட்டும் வேலை குறையும். ஆனால் அவற்றின் பவர் சப்ளை அந்த மாடலுக்கே உரிய வடிவில் இருப்பதால், கெட்டுவிட்டால் சாதாரணக் கடையில் மாற்று கிடைக்காது.

படி 4: இடம்

தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலோரத் தெருக்களில் இரவுகளில் ஈரப்பதம் அந்த எல்லையை எளிதாகக் கடக்கிறது. போர்டின் மேல் படிந்த உப்புத் தூசி இப்படி நனைந்துதான் ராம் முனைகளும் ஊசிகளும் பச்சை பூக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருப்பதால், அங்கே ஈரப்பதம் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு மாதம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு இரண்டு மாதம் அணைத்து வைப்பதைவிட, மிதமான வேகத்தில் ஒவ்வோர் இரவும் ஓட்டுவதே இந்தப் பகுதியில் கணினிக்கு ஆயுள் தரும். மின்கணக்கும் இரவு நேரத்தையே காட்டியது என்பது நமக்கு வசதி.

கடல் பார்த்த ஜன்னலையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையையும் தவிர்த்து, வீட்டின் உட்பகுதியில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் தூசியும் சாம்பலும் அதிகம் என்பதால் காற்று நுழையும் முகப்பில் மெல்லிய நைலான் வலை பொருத்துங்கள். மழைநீர் தேங்கும் தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் கணினியையும் யுபிஎஸ்ஸையும் அலமாரியின் நடுத்தட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். ஏசி அறை வேண்டாம். இழுக்கும் 300 வாட்டும் அப்படியே வெப்பமாக வெளியேறுவதால், அதை அகற்ற ஏசி மேலும் மின்சாரம் தின்னும்.

பழைய வீடுகளின் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது முனை பெயருக்கு மட்டுமே இருப்பதுண்டு. எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்த பிறகே இணையுங்கள். யுபிஎஸ் 1000 விஏ இருக்கட்டும். சிறிய 600 விஏ யுபிஎஸ்ஸுக்கு இந்தச் சுமை அதன் எல்லைக்கு மிக அருகில் வந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கவே இணைக்காதீர்கள், மின்வெட்டு இரவில் மின்விசிறிக்கு வேண்டிய பேட்டரியை இது குடித்துவிடும்.

படி 5: பூட்டுதல்

கேபினட்டில் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று நின்றாலும் போர்டின் அடிப்பக்கம் ஷார்ட் ஆகும். முதலில் ஒன்றாம் எண் சாக்கெட்டில் ஒரு செயலியையும், அதற்குரிய ஒரு ராம் துண்டையும் மட்டும் பூட்டி இயக்கிப் பாருங்கள். திரையில் பயாஸ் தெரிந்த பிறகு இரண்டாவதைச் சேர்த்தால், கோளாறு எந்தப் பக்கம் என்று தேடும் வேலை மிச்சமாகும். வெப்பப் பசையை ஒரு கொண்டைக்கடலை அளவு நடுவில் வைத்து, குளிர்விப்பானின் நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். விசிறிகள் அனைத்தும் முன்னிருந்து பின்னோக்கியே காற்றைத் தள்ள வேண்டும். முழுதும் பூட்டிய பின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிடுங்கள்; ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் துண்டைக் கடையில் மாற்றிவிடுங்கள்.

படி 6: மென்பொருள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனையோ உபுண்டுவின் சர்வர் பதிப்பையோ நிறுவி, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே பாயின்க் கிளையண்ட்டை (வேலைகளை ஓட்டும் நிரல்) நிறுவுங்கள். அதைக் கட்டுப்படுத்தும் மேலாளர் நிரல் உங்கள் லேப்டாப்பில் இருந்தால் போதும். சர்வரில் பாயின்க்கின் கோப்புறையில் உள்ள கடவுச்சொல் கோப்பையும், யார் தொடர்புகொள்ளலாம் என்ற பட்டியல் கோப்பையும் நிரப்பினால் லேப்டாப்பிலிருந்து இணையலாம். அதற்கான போர்ட் (பிணைய வாயில்) எண் 31416, பை மதிப்பை அறிந்தவருக்கு மறக்காது. அந்தப் போர்ட்டை ரௌட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். பிறகு திட்டத்தின் முகவரியையும் உங்கள் மின்னஞ்சலையும் கொடுத்துச் சேர்ந்துவிட்டால் வேலைகள் தாமே இறங்கும்.

அமைப்புகளில் கவனம் வேண்டியவை சிலவே. பாயின்க் ஒவ்வொரு த்ரெட்டையும் ஒரு செயலியாக எண்ணுவதால், செயலிகளின் எண்ணிக்கையில் 50 விழுக்காடு என்று வைத்தால் 28 வேலைகள் ஓடும். தொடங்குபவருக்கு அது போதும். செயலி நேரத்தைக் குறைக்கும் இன்னோர் அமைப்பு வேலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டி வெப்பத்தை ஏற்றி இறக்குவதால், அதை 100-லேயே விட்டு, பயாஸில் டர்போவை (செயலி தானே வேகம் கூட்டிக்கொள்ளும் வசதி) அணைப்பது மேல். ஓடும் நேரத்தை இரவுக்கு மட்டும் குறியுங்கள். கையிருப்பு வேலையை அரை நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு, மின்வெட்டும் உண்டு. யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, பேட்டரி இறங்கும்போது கணினி தானே அணையும்படி நட் என்னும் நிரலை அமைத்துவிடுங்கள்.

படி 7: முதல் வாரம்

சென்சார்ஸ் நிரலில் செயலியின் வெப்பத்தைக் கவனியுங்கள். கத்திரி வெயில் நாள்களில் 75 பாகையைத் தாண்டினால் வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் உண்மையான இழுவையைக் குறித்து, படி 1-இன் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை கணினியை அணைத்து, வலையைக் கழுவிக் காயவைத்து, உள்ளே தூரிகையால் தூசி தட்டுங்கள்.

திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பல திட்டங்கள் ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவதால், உங்கள் விடை பொருந்தாவிட்டால் அது செல்லாதது என்று பதிவாகும். எப்போதாவது ஒன்று வந்தால் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து வந்தால் முதலில் வெப்பத்தையும், அடுத்து போர்டின் நிகழ்வுப் பதிவில் ஈசிசி பிழை எந்த ராம் துளையின் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அந்தத் துண்டைக் கழற்றி, முனைகளை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் பூட்டினால் சரியாகிவிடும். அதன் பிறகும் அதே துளையில் பிழை வந்தால் துண்டை மாற்றுங்கள், மாற்றியும் நிற்காவிட்டால் சாக்கெட்டின் ஊசிகளை மறுபடி பாருங்கள்.