கோழிக்கு முன்னால் கூடு

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தனி நிலத்தில் அமைந்த தரைவீட்டில் இருப்பவர்கள் 10 வரை வளர்க்கலாம், ஆனால் காட்டுப்பறவைகள் நுழையாதபடி கூண்டு முழுக்க வலையடித்திருக்க வேண்டும்.

முதலில் மூன்று பெட்டைகள் போதும். கோழி கூட்டமாக வாழும் உயிர், ஒன்றை மட்டும் தனியே வாங்கி வாட விடாதீர்கள். முட்டையிடச் சேவல் தேவையில்லை. விடியற்காலைக் கூவலால் அண்டை வீட்டாருடன் மனக்கசப்பும் வராது.

கூட்டில்தான் பணத்தைப் போடுங்கள். இங்கே பெரிய எதிரி மலைப்பாம்பு, அடுத்தது எலி. மெல்லிய அறுகோணக் கம்பிவலை போதாது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையை அடியிலும் கூரை விளிம்பிலும் சேர்த்து அடியுங்கள். குட்டிப் பாம்புக்குச் சின்ன இடைவெளியே போதும். சாய்வான கூரை, மேலே காற்று போக வழி, தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம், இரவில் அமர ஒரு கட்டை. நம் மழைக்கு ஈரத்தரை கோழிக்கு ஆகவே ஆகாது.

இனம் என்றால் என் தேர்வு கம்போங் கோழி, அதாவது இந்த வட்டாரத்து நாட்டுக்கோழி. இந்த வெக்கைக்குப் பழகியது. பிள்ளைகள் தூக்கிக் கொஞ்ச சில்கி நல்லது, சாதுவானது. ஆனால் அடிக்கடி அடைக்கு உட்காரும், முட்டை குறைவு, அதன் பஞ்சுச் சிறகில் மழைநீர் ஊறிவிடும். லெக்ஹார்ன் நிறைய முட்டையிடும், அப்புறம் அதன் பெரிய கொண்டை உடல் சூட்டைத் தணிக்கும். ஆனால் கொஞ்சம் மிரளும். காலெல்லாம் இறகு மூடிய பிரம்மா குளிர்நாட்டுக்கு ஏற்றது. அழகுக்காக அதை இங்கே வாங்க வேண்டாம், பாவம்.